பிணை வைத்த வாய்

வின்செஸ்டர், வர்ஜீனியா
1777, பத்தாம் மாதம் 7

அன்புள்ள தங்கை கெத்தூராவுக்கு,

உயிரோடு வந்து சேர்ந்துவிட்டோம். பிலடெல்பியாவிலிருந்து எங்களை ஏற்றி வந்த வண்டியின் குலுக்கலில் என் இடுப்பு இன்னும் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. வழியில் ஓர் ஊரில் கல்லெறிந்தார்கள். சில்வானுஸ் பெரியவரின் தொப்பி பறந்துபோனது. “தல இருக்குல்ல, அது போதும்” என்றார். அவரும் நானும் கிராஃப் என்கிற ஜெர்மன்காரர் வீட்டு மாடியில் இருக்கிறோம். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கடிதங்களை அதிகாரி படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாராம். படிக்கட்டும், மறைக்க ஒன்றும் இல்லை.

என்ன குற்றம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. விசாரணையும் இல்லை. குவேக்கர்கள் நாங்கள் துப்பாக்கி எடுக்க மாட்டோம், எந்தப் பக்கத்துக்கும் சத்தியம் செய்ய மாட்டோம் என்றோம். அப்படியானால் இங்கிலாந்து ராஜாவின் ஆட்கள்தான் என்று புரட்சிக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பிலடெல்பியாவை ராஜாவின் படை பிடித்துவிட்டது என்று இங்கே வந்த பிறகுதான் கேள்விப்பட்டோம். நீ வீட்டிலேயே இருக்கிறாயா? கடையில் மிச்சம் இருக்கிற சோப்பை யார் கேட்டாலும் கொடுத்துவிடு. கிராஃப் வீட்டு மெழுகுவத்தி ஆட்டுக் கொழுப்பை வடிகட்டாமல் ஊற்றியது. வாழ்நாளெல்லாம் மெழுகுவத்தி ஊற்றிய நான் அந்தப் புகையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்காமலே விட்டுவிடலாம் என்று பாதி வழி வரை நினைத்துக்கொண்டு வந்தேன். முடியவில்லை.

என்னைப் பிடித்துப் போவதற்கு முந்தைய கூட்டத்தில் நான் முழங்காலிட்டு ஜெபித்தேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் பக்கத்தில் முன்பெஞ்சில் நீ மட்டும் உட்கார்ந்திருந்தாய். ஜெபத்துக்கு எழாதவர் என்ன சொல்கிறார் என்று நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்: “இது கடவுள் கொடுத்த ஜெபம் இல்லை, இவனே கட்டிக்கொண்டு வந்தது.” ஊரில் யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லியிருக்கலாம். நீ ஏன், கெத்தூரா?

உன் அண்ணன்,
ஒபதியா

*

பிலடெல்பியா
1777, பதினோராம் மாதம் 19

அண்ணா,

உன் கடிதம் ஒரு மாதத்துக்கு மேல் சுற்றிவிட்டு வந்தது. உயிரோடு இருக்கிறாய் என்று படித்ததும் அழுதேன். மிச்சத்தைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது.

வீட்டில்தான் இருக்கிறேன். நான் மட்டும் இல்லை, ராஜாவின் படையைச் சேர்ந்த கேப்டன் விட்லாக் என்பவரும் இருக்கிறார். கேட்டுக்கொண்டு வரவில்லை. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் பெட்டிகளோடு நிற்கிறார். உன் அறை இப்போது அவருடையது. கோழிகளில் பெரும்பாதி அவர் வயிற்றில் இருக்கிறது. வேலியைப் பிடுங்கி அடுப்பெரித்துவிட்டார்கள். நான் அவரை “நீ” என்று கூப்பிடுவதுதான் அவருக்குப் பெரிய துக்கம்.

“ஏம்மா, என் பொண்டாட்டிகூட என்னை நீன்னு சொன்னதில்ல.”

“கடவுளையே நாங்க நீன்னுதான் சொல்றோம். நீ அவருக்கு மேலயா?”

“அப்ப ஞாயித்துக்கெழமைன்னு சொன்னா வாய் வெந்துடுமா? மொத நாளு, ரெண்டாம் நாளுன்னு எண்ணிக்கிட்டே இருக்கீங்க.”

“சூரியனுக்குக் கும்புடு போட்டு வெச்ச பேரு அது. எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு?”

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பல்வலியும் ஒரு காரணம். இரவெல்லாம் மேலே நடக்கிறார். என் தலைக்கு மேல் அவர் பூட்ஸ்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நானும் எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

அந்த ஜெபத்தில் நீ சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. “எங்கள் பிள்ளைகளில் ஒருவன் கையிலும் ரத்தம் படாமல் காத்தாயே, உனக்கு நன்றி” என்றாய். என் யோவேல் ராஜாவை எதிர்க்கிற படையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவனைச் சபையிலிருந்து நீக்குகிற அறிக்கையை வாசித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அறிக்கையை எழுதியவர்களில் நீயும் ஒருவன். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். துப்பாக்கி எடுத்தவனை நீக்குவது நம் வழக்கம். எல்லோர் வீட்டுப் பிள்ளைக்கும் அதேதான். ஆனால் நீக்கினால் பிள்ளையே இல்லை என்று ஆகிவிடுமா? “எங்கள் பிள்ளைகளில் ஒருவனும்” என்றால், அவன் யார் பிள்ளை?

என் கால் எழுந்திருக்கவில்லை, அண்ணா. நான் உட்காரவில்லை, எழ முடியவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

கெத்தூரா

*

வின்செஸ்டர்
1777, பன்னிரண்டாம் மாதம் 21

தங்கை கெத்தூராவுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். காகிதம் தீர்ந்துகொண்டிருப்பதால் இதை எப்படியும் அனுப்பிவிடுவேன்.

யோவேலை நான் வேண்டுமென்று விடவில்லை. அவனை நினைத்து விட்டுவிடவில்லை, மறந்து விட்டுவிடவுமில்லை. நான் ஜெபத்தை எழுதி வைத்துக்கொண்டு வருவதில்லை என்று உனக்குத் தெரியும். முழங்காலிடுகிற கணம் வரைக்கும் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. வருவதைச் சொல்வேன், நின்றதும் நிறுத்துவேன். அந்த வார்த்தைகள் என்னுடையவை அல்ல. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதைவிட உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வந்ததிலிருந்து எனக்கு ஒன்றுமே வரவில்லை. ஒவ்வொரு முதல் நாளும் கிராஃப் வீட்டுக் கூடத்தில் எங்கள் ஆட்கள் கூடி அமைதியாக உட்காருகிறோம். சில்வானுஸ் பேசுகிறார், வேறு சிலர் பேசுகிறார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வராததை வந்ததுபோல் பேச எனக்குத் தெரியாது. ஊர்க்காரர்களில் சிலர் பிலடெல்பியாவின் பெரிய தேவ ஊழியர் பேசுவார் என்று கேட்க வந்து, என் தும்மலைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

தும்மல் இப்போது இருமலாக மாறியிருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை.

கேப்டனின் பல்லுக்குக் கிராம்பு எண்ணெய் வை. என் மேஜையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது.

ஒபதியா

*

பிலடெல்பியா
1778, முதல் மாதம் 26

அண்ணா,

வார்த்தை உன்னுடையது இல்லையென்றால், அதைக் கொடுத்தவரும் என் பிள்ளையை மறந்துவிட்டாரா? இதற்குப் பதில் எழுதாதே. சண்டை போட இப்போது எனக்கு நேரம் இல்லை. நல்ல சேதி இருக்கிறது.

“பயப்பட ஒன்றும் இல்லை” என்று எழுதுகிறாய். சில்வானுஸ் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் வேறு மாதிரி இருக்கிறது. இருமும்போது ரத்தம் வருகிறதாம், மாடிப்படி ஏறக் கிராஃப் தூக்கிவிடுகிறாராம். அவள் என் வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டினாள். பொய் சொல்லாதவர்கள் என்று பெயர் எடுத்த சபையில் நீ ஊழியர்.

நகரத்தில் மாவு கிடைப்பதில்லை. பெண்கள் பாஸ் வாங்கிக்கொண்டு, இரண்டு படைகளுக்கும் நடுவில் இருக்கிற ஃப்ராங்ஃபோர்டு மில்லுக்கு நடந்துபோய் வாங்கி வருகிறோம். போன வாரம் அங்கே யோவேல் எனக்காகக் காத்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டான். காலில் பூட்ஸ் இல்லை, சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தான். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துக் காலை இழுத்துக்கொண்டான்.

“அம்மா, மாமா விஷயமா கர்னல்கிட்ட பேசினேன். அவர் லங்காஸ்டர்ல இருக்கிற எங்க அரசாங்கத்துக்கு எழுதினார். அங்க ஒரு அதிகாரி விட்டுடலாங்கறார்.”

“சத்தியம் பண்ணச் சொல்வாங்க. அவன் பண்ணமாட்டான்.”

“சத்தியம் வேணாமாம். சண்ட முடியறவரைக்கும் பொது எடத்துல ஜெபம், பிரசங்கம்னு வாயத் தெறக்கமாட்டார்னு வீட்டு ஆள் ஒருத்தர் வாக்கு குடுத்தாப் போதும்.”

“வெறும் வாக்கா? நான் சொன்னா நம்புவாங்களா?”

“குவேக்கர்ங்களப் புடிச்சு அடைப்பாங்க, கல்லால அடிப்பாங்க. ஆனா குவேக்கர் பொம்பள வாக்கு குடுத்தா கண்ண மூடிக்கிட்டு நம்புவாங்க. அதான் வேடிக்கையே.”

மில்காரரின் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வருவதற்குள் நீ இருப்பாயா என்று எனக்குத் தெரியவில்லை. அதுவும் தவிர, உனக்கே ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். திறக்காத வாயைப் பிணை வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

உத்தரவு உனக்கு அடுத்த மாதம் வந்துவிடும். கேப்டனை வேறு அறைக்குப் போகச் சொல்லிவிட்டேன். முனகிக்கொண்டே சரி என்றார். கிராம்பு எண்ணெய்க்கு நன்றி சொல்லச் சொன்னார்.

வா. சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

கெத்தூரா

*

வின்செஸ்டர்
1778, இரண்டாம் மாதம் 17

கெத்தூராவுக்கு,

உத்தரவு வந்தது. நான் வரவில்லை.

கோபப்படுமுன் முழுக்கப் படி. இங்கே எங்களுக்குப் பொறுப்பான அதிகாரி தானே மாடியேறி வந்தார். கெட்டவர் இல்லை. என்னைவிட அவர்தான் சந்தோஷமாக இருந்தார்.

“பெரியவரே, கெளம்பு. நாளைக்குக் காலைல வண்டி.”

“மத்தவங்க?”

“உனக்கு மட்டுந்தான். உன் தங்கச்சி வாக்கு குடுத்திருக்காங்க. நீ வாயத் தெறக்கமாட்டியாம்.”

“என் வாய்க்கு அவ எப்படி வாக்கு குடுப்பா? அது எனக்கே சொந்தம் இல்லியே.”

“பின்ன யாருக்குச் சொந்தம்?”

நான் மேலே பார்த்தேன். அவரும் மேலே பார்த்தார். கூரை ஒழுகின கறைதான் இருந்தது.

“இதோ பாரு, இந்த வேலைல நான் எத்தனையோ பேரப் பூட்டி வெச்சிருக்கேன். கதவத் தெறந்துவிட்டாலும் போகமாட்டேன்னு சொன்ன மொத ஆளு நீதான். மேல என்னான்னு எழுதுறது?”

“வரமாட்டேன்னு சொன்னான்னு எழுது.”

“கிறுக்கன்னு நெனைப்பாங்க.”

“அதையும் சேத்து எழுது.”

போகும்போது தன் கம்பளியைக் கழற்றி என் கட்டிலில் போட்டுவிட்டுப் போனார். திருப்பிக் கொடுத்தனுப்பினேன், வாங்கவில்லை.

எனக்கு ஒன்றும் வரவில்லை என்பது உண்மைதான். வராமல் இருப்பது வேறு. வந்தாலும் உள்ளே விடமாட்டேன் என்று கதவைப் பூட்டிவிட்டு உட்காருவது வேறு. அப்படிப் பூட்டிவிட்டு நான் எந்தக் கூட்டத்தில் உட்கார முடியும்? அது கூட்டமே இல்லை, வெறும் பெஞ்சு. நீ நல்லெண்ணத்தில் செய்தாய். ஆனால் செய்திருக்கக் கூடாது.

ஒபதியா

*

பிலடெல்பியா
1778, மூன்றாம் மாதம் 1

அண்ணா,

முழுக்கப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

ஆறு மாதமாகத் தும்மலைத் தவிர வேறு எதுவும் வெளியே வராத வாய்க்கு இவ்வளவு மரியாதையா? உன் வாயைக் காப்பாற்றிக்கொள்ள உன் உயிரைக் கொடுக்கப்போகிறாய். உயிர் போன பிறகு அந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

உனக்காக யோவேல் தன் கர்னலிடம் கெஞ்சினான். அவனை நீக்கி அறிக்கை எழுதிய மாமனுக்காக. உன் பதிலை அவனிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? சொல்லவும் இப்போது வழியில்லை. போன வாரம் மில்லுக்கு அவன் வரவில்லை. அவனோடு இருக்கிற பையனின் தாய் சொன்னாள், படை தங்கியிருக்கிற பாளையத்தில் காய்ச்சல் பரவுகிறதாம், அவனையும் மருத்துவக் கொட்டகையில் போட்டிருக்கிறார்களாம். அங்கே போனவர்கள் நடந்து திரும்புவதில்லை என்று அவளே சொல்லிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நீ. நடுவில் நான் இந்த வீட்டில் எதிரிப் படையின் கேப்டனுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். பல் பிடுங்கி அவருக்கு முகம் வீங்கிக் கிடக்கிறது.

உனக்கு எழுத எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

கெத்தூரா

*

வின்செஸ்டர்
1778, மூன்றாம் மாதம் 9

கெத்தூரா,

சில்வானுஸ் எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

யோவேலுக்கு எப்படி இருக்கிறது? இனி நீ எனக்கு எழுதும் கடிதத்தில் அதை முதலில் எழுது, என்னைத் திட்டுவதைப் பிறகு எழுது.

போன கடிதத்தில் நான் பாதியைத்தான் சொன்னேன். மீதி இதுதான். நான் வீட்டுக்கு வந்தேன் என்று வைத்துக்கொள். ஒரு முதல் நாள் கூட்டத்தில் எனக்கு வார்த்தை வந்துவிட்டது என்று வைத்துக்கொள். நான் அதை அடக்கினால் கடவுளுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். அதைக்கூட அவரிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்ப்பேன்; அவர் என்னை நீண்ட நாளாகப் பொறுத்து வருகிறார். ஆனால் நான் அடக்கமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். எழுந்துவிடுவேன். எழுந்த அந்த நிமிடம் நீ பொய்க்காரி ஆகிவிடுவாய். சத்தியம் செய்யாமலே நம்பப்படுகிறவர்கள் நாம், ஏனென்றால் நாம் ‘ஆம்’ என்றால் அது ஆம்தான். நீ சொன்ன ‘ஆம்’ என்ற சொல்லை என் வாய் உடைத்துவிடும்.

அதனால்தான் வரவில்லை. என் வாயைக் காப்பாற்ற இல்லை, உன் வாக்கைக் காப்பாற்றத்தான். நான் இங்கேயே இருக்கிறவரைக்கும் நீ சொன்னது பொய்யாகாது. இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். தங்கைக்காக அண்ணன் பெரிய தியாகம் செய்கிறான் என்று நீ நினைத்துவிடுவாயோ என்று கூச்சமாக இருந்தது.

நான் உன்மேல் கோபமாக இல்லை. நீ எழாததற்கும் கோபம் இல்லை.

ஒபதியா

*

சஸ்குஹானா ஆற்றுத்துறை
1778, மூன்றாம் மாதம் 27

அண்ணா,

யோவேல் பிழைத்துக்கொண்டான். முதலில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். தலைமுடி கொட்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. ஆனால் உட்கார்ந்து சூப் குடிக்கிறான். நேரில் பார்த்தேன்.

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். நான் பிலடெல்பியாவில் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் உனக்குப் புரியாது.

யோவேல் பிழைப்பானா என்று தெரியாமல் இருந்த அந்த வாரம் முதல் நாள் கூட்டத்துக்குப் போனேன். உன் கடைசிக் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து யோவேலை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க வேறு எதையும் நினைக்கவில்லை. அடுப்பில் அவன், கிணற்றடியில் அவன், படுத்தால் அவன். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. எனக்கு ஏதோ ஆகப்போகிறது, வெளியே போய்விடலாம் என்றுதான் எழுந்தேன். வெளியே போகவில்லை, முழங்காலிட்டேன். எல்லோரும் எழுகிற சத்தம் கேட்டது. ஆண்கள் பக்கத்தில் தொப்பிகள் இறங்கின. உனக்கு அந்தச் சத்தம் பழக்கம். எனக்கு உயிரே போய்விட்டது.

என்ன சொன்னேன் தெரியுமா? “எங்கள் வீட்டுக்குக் கேட்காமல் வந்தவனை நினை. அவன் வலியை நினை. அவனைப் பெற்றவள் எங்கேயோ விழித்திருக்கிறாள், அவளையும் நினை.” அவ்வளவுதான். நின்றுவிட்டது. எழுந்து என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. யோவேல் அதில் இல்லை.

என் கோழிகளைத் தின்ற கேப்டன் விட்லாக் இருந்தார். அவரைப் பெற்ற, நான் கண்ணாலும் பார்க்காத ஒரு கிழவி இருந்தாள். வாரம் முழுக்க நான் பெயரைச் சொல்லி அழுத என் பிள்ளை அதில் இல்லை. நான் விடவில்லை, அண்ணா. அவன் என் நாக்கில் தயாராக நின்றுகொண்டிருந்தான். வந்தது வேறு. கூட்டம் முடிந்து பக்கத்தில் இருந்த சாரா என் கையைப் பிடித்தாள்.

“கெத்தூரா, உன் பையன் அங்க சாகக் கெடக்கறான். நீ அவங்க ஆளுக்கா ஜெபம் பண்ண?”

“நான் பண்ணல, சாரா. எனக்குத் தெரியாது.”

சொல்லும்போதே யார் மாதிரிப் பேசுகிறேன் என்று தெரிந்துவிட்டது. வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். உன்மேல் இரக்கப்பட்டு அழவில்லை. அவமானமாக இருந்தது. “என் பிள்ளை யார் பிள்ளை” என்று உன்னைக் கேட்டேன். அன்றைக்கு என்னையும் யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

மறுநாள் உன் கடிதம் வந்தது. நான் பொய்க்காரி ஆகாமல் இருக்க நீ அங்கேயே இருந்து சாகப்போகிறாய் என்று இருந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பாஸ் வாங்கிக் கொடுத்தது கேப்டன்தான். கூட்டத்தில் நடந்ததை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வீங்கிய கன்னத்தோடு கதவருகில் வந்து நின்று, “எங்கம்மா செத்து ஒம்பது வருஷம் ஆச்சு” என்றார். வழியில் பாளையத்தில் யோவேலைப் பார்த்தேன். எங்கே போகிறேன் என்று அவன் காதருகில் குனிந்து சொன்னதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

“அம்மா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கின உத்தரவு அது. மாமா மனசு மாறி நாளைக்கே கெளம்பினாலும் கெளம்பலாம். அது இருக்கட்டும்.”

“அது இருக்கறவரைக்கும் அவன் வாயில என் பூட்டுத் தொங்குது, யோவேல்.”

“பூட்டு தொங்கினா என்ன, உயிரோட இருப்பார்ல?”

முத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

லங்காஸ்டரில் அந்த அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உனக்கு இன்னும் ஏதாவது சலுகை கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

“நான் குடுத்த வாக்கத் திருப்பி வாங்க வந்திருக்கேன்” என்றேன்.

“திருப்பின்னா?”

“என் அண்ணன் வாய்க்கு நான் பொறுப்பு இல்ல. குடுத்தப்ப அது அவனோட வாய்னு நெனச்சேன். அவனோடதும் இல்ல, என்னோடதும் இல்ல. என்னோடது இல்லாத பொருள நான் உன்கிட்ட அடகு வெச்சிருக்கேன். அது திருட்டு.”

“அம்மா, புரிஞ்சுதான் பேசறியா? வாக்கு இல்லன்னா உத்தரவும் இல்ல. அவர் உள்ளதான் இருப்பாரு. ஒடம்பு முடியாத ஆளு.”

“தெரியும்.”

“வெளில வந்தா என்ன பேசுவாருன்னாவது சொல்லு. அவ்வளவு மோசமா எதுவும் இருக்காதுன்னு சொல்லு, நான் பாத்துக்கறேன்.”

“எனக்குத் தெரியாது. அவனுக்கே தெரியாது. உன்னப் பத்தி நல்லதாக்கூட இருக்கலாம்.”

சிரித்துவிட்டார். பிறகு உத்தரவின் நகலை எடுத்து ரத்து என்று எழுதினார், மையை உலர்த்தினார். உங்கள் எல்லோரையும் விட்டுவிடலாமா என்று மேலே பேச்சு நடக்கிறதாம். இந்த மாதமோ, ஐந்தாம் மாதத்தில் புல் முளைத்த பிறகோ, ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். நம்பி இருக்காதே என்றும் அவரே சொன்னார். உன்னிடம் வந்து இருக்க மட்டும் எனக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதற்கு அவர் எந்த வாக்கும் கேட்கவில்லை.

ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடுகிறது. இரண்டு நாளாகப் படகு இல்லை. துறைக்காரர் நாளைக் காலையில் பார்க்கலாம் என்கிறார். குதிரையில் இன்றே சுற்றுவழியாகப் போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு முன்னால் இது வந்துவிடும்.

அண்ணா, உன் கதவு திறந்திருந்தது. அதைச் சாத்தியது நான். நான் வந்து சேருவதற்குள் உனக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், உன்னை அங்கேயே வைத்துச் சாகடித்தவள் என்று ஊர் என்னைச் சொல்லும். யோவேலும் சொல்வான். அவர்கள் சொல்வது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. தெரிந்துதான் செய்தேன். உன் வாயைப் பூட்டி உன்னை வீட்டில் வைத்துக்கொள்வதைவிட, பூட்டில்லாமல் உன்னை இழப்பது மேல் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியபோது நான் அழவில்லை. இதை எழுதும்போதுதான் அழுகிறேன்.

இருமலுக்குத் தேனும் வெங்காயமும் கொண்டுவருகிறேன். அந்த அதிகாரியின் கம்பளியைத் திருப்பிக் கொடுக்காதே, போர்த்திக்கொள். நான் வருகிறவரைக்கும் இரு.

உன் தங்கை,
கெத்தூரா